கோத்தகிரியில் வீடு கட்ட எந்த ஆற்றல் தரநிலை? எக்கோ நிவாஸ் சம்ஹிதா – ஓராண்டு குடியிருந்த பின் ஒரு மதிப்பீடு

கோத்தகிரியில் ஆறு சென்ட் மனையில் வீடு கட்டத் தொடங்கியபோது, ஏதேனும் ஓர் ஆற்றல் சிக்கனத் தரநிலையைப் பின்பற்றியே கட்டுவது என்று முடிவு செய்தோம். அதற்குக் காரணம் நாங்கள் முன்பு குடியிருந்த வாடகை வீடு. அங்கே பனிக்காலத்தில் 2,000 வாட் ஹீட்டர் தினமும் நான்கு மணி நேரம் ஓடும். நாளொன்றுக்கு 8 யூனிட் என்றால், இரண்டு மாத பில்லில் ஹீட்டர் கணக்கு மட்டும் 480 யூனிட். அவ்வளவு எரித்தும் விடியற்காலையில் சுவரில் கை வைத்தால் ஜில்லென்றுதான் இருக்கும்.

இந்தியப் பசுமைக் கட்டட மன்றத்தின் (ஐ.ஜி.பி.சி.) பசுமை வீட்டுச் சான்றிதழையும், சிறு கட்டடங்களுக்கான ஸ்வாகிருஹா என்ற மதிப்பீட்டுத் திட்டத்தையும் முதலில் பார்த்தேன். இரண்டும் தண்ணீர், கட்டுமானப் பொருள், மனைப் பராமரிப்பு என்று பலவற்றுக்கும் புள்ளிகள் தருபவை. நல்ல திட்டங்கள்தாம், ஆனால் என் கேள்வி குளிர் ஒன்றைப் பற்றியது மட்டுமே என்பதால் அவற்றை விட்டுவிட்டேன். எஞ்சியவை இரண்டு: மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் குடியிருப்புக் கட்டடங்களுக்காக 2018 டிசம்பரில் வெளியிட்ட ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதாவின் முதல் பகுதி, மற்றது வெப்ப இழப்பையும் காற்றுக் கசிவையும் வெகுவாகக் குறைத்துக் கட்டச் சொல்லும் ஜெர்மனியின் பாசிவ் ஹவுஸ் தரநிலை.

சம்ஹிதாவைக் கையில் எடுப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, அதற்குள் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன என்பதுதான். வெப்பமும் மிதவெப்பமும் கொண்ட நான்கு தட்பவெப்ப மண்டலங்களுக்கு, வெளிச்சுவரும் சன்னலும் வழியாக வீட்டுக்குள் புகும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. குளிர் மண்டலத்துக்கு மட்டும், கூரை நீங்கலான புறப்பரப்பு முழுவதன் சராசரி யு மதிப்பு 1.8-க்குள் இருக்க வேண்டும். யு மதிப்பு என்பது உள்ளே இருக்கும் சூடு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதன் அளவு. குறைவாக இருந்தால் நல்லது. தமிழ்நாட்டில் வீடு வரைபவர்கள் பழக்கத்தால் முதல் கணக்கையே போடுகிறார்கள். நாங்கள் அணுகிய ஆலோசகர் ஒருவர், தெற்கிலும் மேற்கிலும் வெயிலைத் தடுக்கும் நிறக் கண்ணாடி போடச் சொல்லி அறிக்கை தந்தார். ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில், ஜனவரி மாத மதிய வெயிலைக் காசு கொடுத்துத் தடுப்பானேன்? அறிக்கைக்கான கட்டணம் போனது போனதுதான்.

பிறகு குளிர் மண்டலக் கணக்கை நானே போட்டேன். எங்கள் வீட்டின் வெளிச்சுவர் 120 சதுர மீட்டர், சன்னல் 20 சதுர மீட்டர். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் யு மதிப்பு சுமார் 2, ஒற்றைக் கண்ணாடிக்கு 5.8, சராசரி 2.5-ஐத் தாண்டுகிறது. இரட்டைக் கண்ணாடிக்கு மாற்றினாலும் 2.1-க்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் சுவரை எட்டு அங்குல ஏஏசி பிளாக்குக்கு (காற்றுக் குமிழிகள் கொண்ட இலகுவான கான்கிரீட் கல்) மாற்றி, அதன் மதிப்பை 0.8 என்று வைத்துக்கொண்டால், ஒற்றைக் கண்ணாடியோடே 1.5 வந்துவிடுகிறது. விலையுயர்ந்த சன்னலைத்தான் முதலில் வாங்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு இந்தக் கணக்கு பெரிய உதவி. சம்ஹிதாவுக்கு நான் தரும் முதல் பாராட்டு இதற்காகவே. ஏஏசி பிளாக்கைக் கீழிருந்து மலையேற்றும் லாரி வாடகையும், கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்படும் உடைசலும் தனிச் செலவு. அதையும் சேர்த்தே விலை கேளுங்கள்.

கூரைக்கு எல்லா மண்டலங்களிலும் 1.2 என்பது வரம்பு. வெறும் கான்கிரீட் கூரை அதன் அருகில்கூட வராது. நாங்கள் தளத்தின் மேல் 50 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் பலகை (வெப்பத்தைத் தடுக்கும் கெட்டி நுரைப் பலகை) பரப்பி, அதன் மேல் காரை போட்டோம், மதிப்பு 0.5 அளவுக்கு இறங்கியது. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த கொத்தனார் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க சார், ஐஸ் பொட்டிக்குள்ளயா குடியிருக்கப் போறீங்க?” என்று கேட்டார். ஏறத்தாழ அதேதான் என்றேன்.

குறையையும் சொல்ல வேண்டும். சம்ஹிதாவின் இந்தக் கணக்கு சுவர், சன்னல், கூரை வழியே கடக்கும் வெப்பத்தைப் பற்றியது. கதவிடுக்கில் நுழையும் காற்று அதில் வருவதே இல்லை. பாசிவ் ஹவுஸ் அதை விடாமல் பிடிக்கிறது: 50 பாஸ்கல் அழுத்தத்தில் ஒரு மணி நேரத்தில் வீட்டுக் காற்றின் கொள்ளளவில் 0.6 மடங்குக்கு மேல் கசியக் கூடாது. அந்த அளவுக்கு அடைத்தால், வெப்பத்தை மீட்டுத் தரும் காற்றோட்ட இயந்திரம் இல்லாமல் இந்த ஈரக் காற்றில் பீரோத் துணியெல்லாம் பூஞ்சணம் பூத்துவிடும். மதியத்தில் சன்னலைத் திறந்துவைக்க முடிகிற ஊருக்கு அது அதிகப்படி என்பது என் கருத்து. ஆனாலும் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். குடிபுகுந்த வாரம், காற்று பலமாக அடித்த ஓர் இரவில், ஊதுபத்தியைச் சன்னல் சட்டங்களை ஒட்டி நகர்த்திப் பார்த்தேன். கொக்கி மாட்டும் மூலைகளில் புகை வெடுக்கென்று உள்ளே வளைந்தது. ரப்பர் பட்டை ஒட்டியதும் புகை நேராக எழுந்தது.

இன்னொன்று, 2018-இல் வந்த இந்த முதல் பகுதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கென வகுக்கப்பட்டது. அது 12 சென்ட்டுக்கும் சற்று அதிகம். எங்களைப் போன்ற சிறு மனைக்காரர்களுக்குக் கட்டாயமில்லை. யாரும் வந்து சோதிக்கவும் மாட்டார்கள். பக்கச்சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கும், நீலகிரியின் படகர் மக்கள் வாழும் ஹட்டிகளின் (ஊர்களின்) வீடுகளுக்கு வெளிச்சுவரே குறைவு; நாலாபுறமும் காற்றில் நிற்கும் எங்கள் தனி வீடுகளுக்குத்தான் இந்தக் கணக்கு அதிகம் தேவை.

கடந்த பனிக்காலத்தில் ஹீட்டரைக் குழந்தை குளித்து வரும் நேரத்துக்கு மட்டுமே போட்டோம். வடக்குப் பார்த்த படுக்கையறையின் ஒற்றைக் கண்ணாடியில் மட்டும் காலையில் நீர் கோத்து, சட்டத்தின் அடியில் வழிகிறது. அங்கே ஒரு பழைய துண்டை மடித்து வைத்திருக்கிறோம். அந்த ஒரு சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி சொல்லியிருக்கிறேன்.