ஊட்டி நீலகிரி தைலம்: சளிக்கு அருமை, ஆனா குழந்தைங்க கைக்கு எட்டக்கூடாது

ஊட்டி ரோட்டோர கடையில வாங்குன தைலம்ங்க இது, மூடிய தொறந்தாலே மூக்குல சுர்ர்ருன்னு ஏறுது. பேப்பர்ல ஒரு சொட்டு விட்டுப் பாத்தேன், எண்ணெய்க் கறையே இல்லாம காஞ்சிடுச்சு, சமையல் எண்ணெய் மாதிரி ஆவியாகாத எண்ணெய் கலந்திருந்தா கறை நிக்கும். கொதிச்ச தண்ணிய இறக்கி வச்சு ரெண்டு மூணு சொட்டு விட்டு போர்வைய போத்தி ஆவி புடிச்சா அடைச்ச மூக்கு நல்லா விட்டுடுது, அதுல இருக்குற சினியோல்ங்கிற வேதிப்பொருள் தான் சளிய இளக்குது. நெஞ்சுல தேய்க்கணும்னா தேங்கா எண்ணெய்ல கலந்துக்கோங்க. ஜலதோஷத்தையே குணமாக்கும்னு கடைக்காரர் சொன்னத நம்பாதீங்க, அடைப்புக்கும் இருமலுக்கும் கொஞ்சம் சுகம், அவ்ளோதான். குடிக்கவே கூடாது, கொஞ்சம் உள்ள போனாலே சின்னப் புள்ளைங்களுக்கு வலிப்பு வரலாம், கைக்குழந்தைக்கு மூக்கு பக்கமே கொண்டு போகாதீங்க. ஆஸ்துமா இருக்கவங்க டாக்டர கேட்டுட்டு வாங்குங்க.