பரந்தனில் ஒரு கராஜ்: பாகத்தை மாற்றுவதற்கு முன் அளந்து பார்ப்பவர்கள்

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ35 வீதியில் உள்ள ஒரு சிறிய கராஜில், காற்றின் அளவைக் கணிக்கும் சென்சர் தொடர்பான கோளாறுக்காக எனது காரைக் கொடுத்துத் திருத்தி எடுத்தேன். வன்னியில் ஜப்பானியக் கார் வைத்திருக்கும் பலருக்கும் இதே கோளாறு வரக்கூடும் என்பதால், அங்கு நடந்த வேலையை விரிவாகவே எழுதுகிறேன்.

வாகனம் 1.5 லீற்றர் எஞ்சின் கொண்ட டொயோட்டா அக்சியோ. ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டியதும் லொறியொன்றை முந்துவதற்கு அக்சிலேற்றரை மிதித்தால், கார் ஒரு கணம் தயங்கி, அதன் பிறகே இழுக்கும். எஞ்சின் விளக்கும் எரியத் தொடங்கியிருந்தது. முதலில் காட்டிய வேறோர் இடத்தில் ஸ்கேனரில் பி0171 என்ற குறியீடு தெரிந்ததுமே, சென்சரை மாற்ற வேண்டும் என்று விலையும் சொல்லிவிட்டார்கள். உள்ளே போகும் காற்றுக்குப் பெற்றோல் போதவில்லை என்பதை மட்டுமே அந்தக் குறியீடு தெரிவிக்கும். ஏன் போதவில்லை என்பதை ஆராய்ந்து கண்டுபிடிப்பது மெக்கானிக்கின் பொறுப்பு.

இந்தச் சென்சர் எயார் பில்டர் பெட்டிக்கும், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் துரொட்டிலுக்கும் இடைப்பட்ட குழாயில் இருக்கிறது. அதனுள்ளே உள்ள மிக மெல்லிய கம்பி, உள்ளே வரும் காற்றைவிடக் குறிப்பிட்ட அளவு கூடிய வெப்பநிலையில் எப்போதும் வைக்கப்படுகிறது. காற்று கடந்து செல்லும்போது கம்பி குளிர்கிறது. அதை மீண்டும் அதே சூட்டுக்குக் கொண்டுவர எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படுகிறதோ, அதிலிருந்து காற்றின் நிறை கணிக்கப்படுகிறது. ஏறத்தாழ 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெற்றோல் என்ற கணக்கில்தான் எஞ்சினின் கணினி எரிபொருளை அளந்து விடுகிறது. விடியற்காலைக் குளிர்காற்று செறிவானது, நடுப்பகல் வெக்கையில் அதே காற்று ஐதானது. கன அளவை விட்டு நிறையை அளப்பதால், இரு வேளைகளிலும் கணக்குப் பிசகுவதில்லை.

கம்பியில் தூசி படிந்தால் நிலைமை மாறுகிறது. தூசிப் படலம் போர்வைபோல் கம்பியை மூடிவிடுவதால் காற்று அதைச் சரியாகக் குளிர்விப்பதில்லை, மின்னோட்டம் குறைகிறது, வந்த காற்றே குறைவு என்று கணினி முடிவெடுத்துப் பெற்றோலையும் குறைத்துவிடுகிறது. புகைபோக்கியில் உள்ள ஒட்சிசன் சென்சர் இந்தக் குறையைக் கண்டு, பெற்றோலைக் கூட்டுமாறு தெரிவித்துக்கொண்டே இருக்கும். அந்தத் திருத்தம் எல்லை கடக்கும்போதுதான் எஞ்சின் விளக்கு எரிகிறது.

பரந்தன் கராஜில் எனக்குப் பிடித்தது அவர்கள் சோதித்த ஒழுங்குதான். எஞ்சின் நன்றாகச் சூடான பின்னர், நியூற்றலில் வெறுமனே ஓடவிட்டு அந்தத் திருத்த வீதத்தை, அதாவது கணக்கிட்டதைவிட நூற்றுக்கு எத்தனை வீதம் பெற்றோல் கூட்டப்படுகிறது என்பதை, ஸ்கேனரில் பார்த்தார்கள். அது 4 வீதத்தில் நின்றது. பின்னர் மெக்கானிக் என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு வீதியில் ஓட்டினார். வேகம் எடுக்க எடுக்க அது 20 வீதத்தையும் தாண்டிச் சென்றது. சென்சருக்குப் பின்னால் ரப்பர் குழாய் வெடித்துக் காற்றுக் கசிந்திருந்தால் இதற்கு மாறாக, வெறுமனே ஓடும்போதுதான் திருத்தம் கூடுதலாக இருக்கும் என்று விளக்கினார். இருந்தும், குழாயைக் கழற்றி மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்த பிறகே சென்சரில் கைவைத்தார்.

சென்சரைக் கழற்றிக் கைவிளக்கின் வெளிச்சத்தில் காட்டியபோது, கம்பியின் மீது செம்மண் நிறப் படலம் தெளிவாகத் தெரிந்தது. “அண்ணை, சென்சர் பழுதில்லை. பில்டரைத் தாண்டித் தூசி வருது, அதைத்தான் பாக்கவேணும்,” என்றார். பில்டர் பெட்டியைத் திறந்ததும் காரணம் தெரிந்தது: உள்ளே இருந்த மலிவான பில்டரின் ரப்பர் விளிம்பு ஒரு மூலையில் பொருந்தாமல் இடைவெளி விட்டிருந்தது. ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவல் வீதிகளில் அடிக்கடி ஓடும் காருக்கு அந்த இடைவெளியே போதும்.

இதற்கென்றே விற்கப்படும் ஸ்பிரேயால் மட்டும் கம்பியைக் கழுவி, நன்றாக உலரும்வரை வைத்துவிட்டுப் பொருத்தினார்கள். பஞ்சாலோ துணியாலோ தொடவில்லை, கொம்பிரசர் காற்றும் அடிக்கவில்லை. இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம், கொம்பிரசர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதனால் கம்பி அறுந்தால் பிறகு புதிய சென்சரைத் தவிர வேறு வழியில்லை. சரியான பில்டரைப் போட்டு, குறியீட்டை அழித்து, மறுபடியும் வீதியில் ஓட்டிப் பார்த்தபோது திருத்தம் 3 வீதத்துக்கு இறங்கியிருந்தது. தயக்கமும் இல்லை. கேட்ட கூலி நியாயமானது. புதிய சென்சருக்குச் சொல்லப்பட்ட விலையின் ஒரு சிறு பங்குதான்.

குறைகளும் உண்டு. பற்றுச்சீட்டில் கூலியையும் பொருள் விலையையும் பிரித்து எழுதுவதில்லை. இது திருத்தப்பட வேண்டும். உதிரிப்பாகங்கள் கையிருப்பில் மிகக் குறைவு என்பதால், சென்சர் உண்மையாகவே பழுதாகியிருந்தால் வெளியிலிருந்து எடுப்பித்துத் தரும்வரை காத்திருக்க நேரும். அட்டையில் பணம் செலுத்த முடியாது. காத்திருப்போருக்கு நிழலும் போதாது.

எஞ்சின் ஆறிய நிலையில் கொண்டுசென்றால் சோதனைக்கு முன் அதைச் சூடாக்கவே நேரம் போய்விடும் என்பதால், தூரத்திலிருந்து ஓட்டிவந்த கையோடு காலையிலேயே கொடுப்பது நல்லது. கழற்றிய பழைய பில்டரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். விளிம்பில் எந்த இடத்தால் தூசி நுழைந்தது என்பதை அவர்களே தொட்டுக் காட்டுவார்கள்.