தோட்டத்துச் சமாதியா, எரிவாயு மேடையா?

அப்பா இறந்த அன்று காலை, கேதத்துக்கு வந்தவர்களுக்கு நாற்காலி போட்டு முடிப்பதற்குள் சித்தப்பா வந்து கேட்டார்: "தோட்டத்துல குழி வெட்டச் சொல்லிரவாப்பா? உங்க தாத்தாவுக்குப் பக்கத்துலயே எடம் இருக்கு." நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சாயங்காலம் நகரத்து எரிவாயு மயானத்துக்குத்தான் கொண்டுபோனோம். அப்போது சித்தப்பாவிடம் காரணம் சொல்லும் நிலையில் நான் இல்லை. இப்போது சொல்கிறேன்.

விறகு, வரட்டி அடுக்கி, வைக்கோல் போட்டு, மேலே மண் பூசி மூட்டம் போடும் பழைய முறையை நாங்கள் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. ஐப்பசி மழை. ஊர்ச் சுடுகாட்டுக் கொட்டகைக்குக் கூரை பாதிதான். அதை முன்னின்று நடத்திய அனுபவமும் எனக்கு இல்லை, அதனால் அதைப் பற்றி அளக்கப் போவதில்லை.

"நம்ம வழக்கம் புதைக்கிறதுதான்" என்று ஒரு பெரியவர் சொன்னார். எங்கள் வகையறாவில் இரண்டுமே நடந்திருக்கிறது. தமிழ்நாட்டுக்கே அப்படித்தான்: மணிமேகலைக் காப்பியத்தில் வரும் சக்கரவாளக் கோட்டம் என்ற மயானத்தில் சுடுபவர்களும் உண்டு, குழியில் இடுபவர்களும் உண்டு, தாழியில் கவிப்பவர்களும் உண்டு. வழக்கத்தை வைத்து இந்த விஷயத்தில் யாரும் யாரையும் ஜெயிக்க முடியாது.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. குழி வெட்டுகிறவருக்குக் கொடுப்பதும் மயானத்தில் கட்டும் தொகையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். புதைத்த பிறகு சிமென்ட் மேடை, டைல்ஸ், பெயர்ப் பலகை என்று போனால்தான் கணக்கு ஏறும்.

எரிவாயு மேடையில் எங்களுக்குப் பிடித்தது, வேலை அன்றைக்கே முடிந்ததுதான். குடம் உடைப்பது, வாய்க்கரிசி எல்லாம் வெளியே மண்டபத்தில் நடந்தன. நெஞ்சின் மேல் கற்பூரம் வைத்துக் கொள்ளி வைத்தேன். பிறகு இரும்புத் தள்ளுவண்டியில் உள்ளே தள்ளிக் கதவை இறக்கிவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் மண் கலயத்தில் அஸ்தி கைக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை அணைப்பட்டி போய் வைகையில் கரைத்தோம். வீட்டுப் பெண்கள் மயானம் வரை வந்தார்கள். ஊர்ச் சுடுகாடாக இருந்தால் தெருமுனையிலேயே நிறுத்தியிருப்பார்கள். என் தங்கைக்கு அது ரொம்பப் பெரிய விஷயம்.

பிடிக்காததும் உண்டு. எங்களுக்குப் பின்னால் இன்னொரு அமரர் ஊர்தி காத்து நின்றது, ஆற அமர அழக்கூட நேரமில்லை. மருத்துவர் கொடுத்த இறப்புச் சான்றும் அடையாள அட்டையும் இல்லாமல் உள்ளே விடவில்லை. வீட்டில் இறந்தவர் என்றால் முதலில் இந்தக் காகிதத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமும் கிடையாது, அந்த நேரத்தில் மயான ரசீதும் உதவும். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் இருந்தது. உலைச் சூட்டில் அதன் பேட்டரி வெடிக்கும், அதை முன்பே எடுத்துவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் இறந்ததால் அங்கேயே எடுத்துக் கொடுத்தார்கள். புதைப்பதாக இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

இனி தோட்டம். "சொந்த நிலம், யாரு கேக்கப் போறா?" என்பார்கள். கேட்கலாம். 1999-ஆம் ஆண்டு கிராம ஊராட்சி இடுகாடு, சுடுகாடு விதிகளின்படி, பதிவான அல்லது உரிமம் பெற்ற இடம் தவிர வேறெங்கும் குடியிருப்புக்கோ குடிநீர் ஆதாரத்துக்கோ 90 மீட்டருக்குள் புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. எங்கள் தாத்தா சமாதியிலிருந்து கிணறு கூப்பிடு தூரம். 2024 ஜூலையில், கொலை செய்யப்பட்ட பகுஜன் சமாஜ் கட்சி மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கின் உடலைப் பெரம்பூர் கட்சி அலுவலகத்தில் அடக்கம் செய்ய நீதிமன்றம் விடவில்லை, திருவள்ளூர் மாவட்டம் பொத்தூரில் ஒரு தனியார் நிலத்தில்தான் அனுமதித்தது. கிராமத்தில் இவ்வளவு தூரம் போகாது என்பது உண்மைதான். பக்கத்துக் காட்டுக்காரரோடு வரப்புத் தகராறு இருந்தால் போகும்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது சட்டமும் அல்ல. நிலத்தை விற்கும்போது என்ன ஆகும் என்ற ஒரே கேள்விதான்.

பெரியப்பா வீட்டில் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். பெரியம்மாவை அவர்கள் தோட்டத்து வேப்பமரத்தடியில் அடக்கம் செய்தார்கள். ஏழெட்டு வருஷம் கழித்து, அண்ணன்மார் இருவரும் வெளியூர் போன பிறகு, மூன்று ஏக்கரையும் விலை பேசினார்கள். வாங்க வந்தவர் நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வேப்பமரத்தடியில் நின்றார். "இது இருக்குதுன்னு முன்னாடியே சொல்லலையே?" பேசிய விலை அங்கேயே இறங்கியது. சமாதி இருக்கும் இரண்டு சென்டை விட்டுவிட்டு மீதியைக் கிரயம் செய்தார்கள். "எப்ப வேணா வந்து விளக்கு வைங்க" என்று வாங்கியவர் வாயால் சொன்னார், நல்ல மனுஷன். அவர் அடுத்தவருக்கு விற்றார். அந்த அடுத்தவர் மனை போடுவதற்காகக் கல் ஊன்றிக் கம்பி வேலி கட்டினார். இரண்டு சென்ட் நடுவில் தீவு மாதிரி நிற்கிறது. தை அமாவாசைக்கு விளக்கு வைக்க, முகம் தெரியாத ஒருவரிடம் போனில் அனுமதி கேட்டு, சாவி வைத்திருக்கும் வாட்ச்மேனுக்காக வெயிலில் நிற்கிறார்கள். போன வருஷம் போகவே இல்லை.

தவறு எங்கே என்று யோசித்தால், பத்திரத்தில்தான். இரண்டு சென்டை விட்டது எழுத்தில் இருக்கிறது, அதற்குப் போகும் பாதை எழுத்தில் இல்லை. வில்லங்கச் சான்றில் சமாதி தெரியாது, அடுத்தடுத்து வாங்குகிறவர்களுக்கு அது வெறும் மேடு. தோட்டத்தில்தான் வைப்பேன் என்பவர்கள், ஊராட்சி அனுமதியை முடித்துக்கொண்டு, விற்கும் எண்ணம் வருவதற்கு முன்பே சர்வேயரை வைத்து அந்த இடத்தைத் தனி உட்பிரிவாக அளந்து, ரோட்டிலிருந்து வண்டி போகும் அளவுக்குப் பாதையும் சேர்த்துப் பட்டா வாங்கிவிடுவது நல்லது. அதன் பிறகும் சீமைக்கருவேலம் வெட்ட, வெள்ளையடிக்க ஊரில் ஒரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் அப்பாதான். அவரையே அங்கே வைத்துவிட்டால் வேறு யார் பார்ப்பது?

மூன்று தலைமுறையாக நிலத்திலேயே இருக்கிறவர்கள், பிள்ளைகளும் அங்கேயே விவசாயம் பார்க்கிறார்கள் என்றால் என் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. கல்லறைத் தோட்டமும் கபர்ஸ்தானும் உள்ளவர்களின் சிக்கல்கள் வேறு மாதிரி, அதில் எனக்குப் பழக்கம் இல்லை.

அம்மாவுக்கு மட்டும் இன்னும் முழுச் சமாதானம் இல்லை. "போய் உட்கார ஒரு எடம் இல்லாமப் போச்சேடா" என்று திதி அன்று சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு வருஷம்தான் ஆகிறது, பத்து வருஷம் கழித்து எனக்கே அப்படித் தோன்றலாம்.

தாத்தாவும் அப்பத்தாவும் இருக்கும் மூலை இன்னும் கூட்டுப் பட்டாவில்தான் கிடக்கிறது. தை பிறந்ததும் சித்தப்பாவிடம் கையெழுத்து வாங்கி உட்பிரிவுக்கு மனு கொடுக்க வேண்டும். பாதைக்குப் பத்தடி கேட்டிருக்கிறேன், எட்டடி போதும் என்கிறார்.