களிமண்ணில் உருவான நீர்நாய்

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் சனிக்கிழமை காலை நடைபெறும் களிமண் வகுப்புக்கு 6 வயது மகளை அழைத்துச் சென்றேன். சிங்கப்பூரின் காலாங் ஆற்றில் அவள் பார்த்துப் பழகிய நீர்நாயைச் செய்யும்போது, கால்விரல்களுக்கிடையே மெல்லிய களிமண் தகட்டை ஒட்டி, அந்தச் சவ்வுதான் நீரைத் தள்ளி நீந்த உதவுகிறது என்று ஆசிரியை தமிழிலேயே விளக்கியது என்னை நெகிழவைத்தது. அடுத்து, உடலெங்கும் செதில்கள் கொண்ட எறும்புத்தின்னியான அழுங்கு. ஒவ்வொரு செதிலாகக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திய மகள், அவையும் நகமும் கெரட்டின் என்னும் ஒரே பொருளால் ஆனவை என்று கேட்டதும் தன் விரலையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். படப்புத்தகங்கள் இந்த வியப்பை அவளுக்குத் தந்ததில்லை.

15 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை போதாது. யானைக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. தும்பிக்கை நுனியில் விரல்போன்ற முனை ஆசிய யானைக்கு ஒன்று, ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு என்பதை வீட்டில் நானே செய்து காட்டினேன்.