கிடங்கைச் சுற்றி வாய்க்காலா, கிடங்குக்கு முன் சம்புக்காடா?

யாழ்ப்பாணத்தில் மாவிட்டபுரத்திலிருந்து கீரிமலைப் பக்கம் சைக்கிளில் போகிறவர்களுக்கு அந்தச் சுண்ணாம்புக்கல் கிடங்குகளைத் தெரிந்திருக்கும். 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்காகக் கல் வெட்டிய பள்ளங்கள் அவை. 1990இல் போரோடு ஆலை நின்றுபோனது, கிடங்குகள் மிஞ்சின. இவற்றைச் சீராக்குவது பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு வழிகள் காதில் விழும். ஒன்று, வருகிற நீரை வாய்க்கால் வெட்டித் திருப்பிவிடுவது. மற்றது, சம்பு, கோரை போன்ற நீர்ச்செடிகளை வளர்த்துச் செயற்கை ஈரநிலம் அமைப்பது. இரண்டும் வெளிநாட்டுச் சுரங்கங்களில் பழகிய வைத்தியங்கள்தான். ஆனால் அங்குள்ள நோய் வேறு.

செம்பு, துத்தநாகம், நிலக்கரி தோண்டிய இடங்களில் பாறைக்குள் இரும்புச் சல்பைடு இருக்கும். காற்றும் நீரும் பட்டதும் அது கந்தக அமிலமாகிறது, நுண்ணுயிர்கள் அந்த வேலையை வேகப்படுத்துகின்றன. அமிலம் பாறையிலுள்ள உலோகங்களைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். ஓடைகள் செம்மஞ்சள் நிறமாவது இதனால்தான். அங்கே சுரங்கமே அழுக்கைப் பெற்றெடுக்கிற தாய்.

அப்படிப்பட்ட இடத்தில் ஓடையைத் திருப்புவதன் நியாயம் எளிது: நல்ல நீர் அந்தப் பாறையைத் தொடாவிட்டால் கெடாது. கலிபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்தில் இதைச் செய்தார்கள். அங்கே நிலத்தடியில் எடுத்த நீரின் பீஎச் (குறையக் குறைய அமிலம் கூடும் அளவு) மைனஸ் 3.6 வரை போயிருந்தது, பற்றரி அமிலமே அதன் முன் சாது. மலையிலிருந்து வரும் ஓடைகளின் நன்னீரைச் சுரங்கக் கழிவுகளைத் தொடாமல் விலக்கிவிட்டார்கள். வாய்க்கால் வெட்டும் செலவு ஒருமுறைதான், பிறகு தூர் வாரினால் போதும். ஆனால் மழை பாறை வெடிப்புகள் வழியே உள்ளே இறங்குவதை எந்த வாய்க்காலும் தடுக்காது. அதனால் அங்கே சுண்ணாம்பு போட்டு நீரைச் சுத்தப்படுத்தும் ஆலையும் சேர்ந்தே ஓடுகிறது.

ஈரநிலத்தைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை உண்டு. சம்பு உலோகத்தை உறிஞ்சிவிடும் என்பார்கள். உண்மையில் அது எடுப்பது கொஞ்சம். வேர்களுக்கிடையில் நீர் மெதுவாகப் போகும்போது இரும்பு துருவாகி அடியில் படிகிறது. அமிலம் கடுமையாக இருந்தால், காற்றுப் புகாத மக்கிய சேற்றுப் படுக்கை வேண்டும். அங்கே சல்பேற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் உலோகங்களைச் சல்பைடாகக் கட்டிவைக்கும். சுண்ணாம்புக்கல் நிரப்பிய மூடிய வாய்க்கால் ஒன்றையும் முன்னால் வைப்பதுண்டு. மூடாமல் விட்டால் கல்லின் மேல் துரு பூசிக்கொண்டு கல் வேலை செய்யாமல் போய்விடும். (நாங்கள் வெட்டி எரித்துச் சீமெந்தாக்கிய கல்தான் மற்ற நாட்டுச் சுரங்கங்களுக்கு மருந்து!)

எவ்வளவு காணி வேண்டும் என்பதுதான் ஈரநிலத்தின் பெரிய கேள்வி. அமிலம் மிஞ்சாத நீருக்கு, ஒரு சதுர மீற்றர் ஒரு நாளில் 10 கிராம் இரும்பைப் பிடிக்கும் என்று வடிவமைப்பாளர்கள் கணக்கெடுப்பார்கள். லீற்றருக்கு 50 மில்லிகிராம் இரும்புள்ள நீர் செக்கனுக்கு ஒரு லீற்றர் வந்தால், நாளொன்றுக்கு 4.3 கிலோ இரும்பு. அதற்கு 430 சதுர மீற்றர், அதாவது ஒன்றே முக்கால் பரப்புக் காணி. பத்து லீற்றர் என்றால் 17 பரப்பு, ஒரு ஏக்கருக்கும் கூட. இங்கிலாந்தின் கோர்ன்வாலில், மூடப்பட்ட வீல் ஜேன் தகரச் சுரங்கத்தின் நீர் 1992 ஜனவரியில் உடைத்துக்கொண்டு கழிமுகத்தில் பாய்ந்தது. 1994இல் அங்கே ஈரநிலங்களைச் சோதனையாக அமைத்தார்கள். ஆனால் 2000இல் முழு நீருக்கும் சுண்ணாம்பு ஆலைதான் வைத்தார்கள். சிறிய, நிதானமான ஊற்றுக்கு ஈரநிலம் அருமை, பெருவெள்ளத்துக்கு அது போதாது. கொஞ்ச வருடங்களில் படிந்த சேற்றைத் தோண்டி எங்கோ கொட்டவும் வேண்டும்.

ஆகவே அந்த மாதிரி இடங்களில் என் தேர்வு நேரானது: முதலில் திருப்பு, மிஞ்சியதை ஈரநிலத்தில் விடு.

சரி, எங்கட கிடங்குக்கு? இங்கே அமிலம் பிறக்காது, பாறையே சுண்ணாம்பு. அழுக்கு வெளியிலிருந்துதான் வருகிறது. செம்மண் தோட்டங்களின் உரத்திலிருந்து நைத்திரேற்று, வீதிக் கழிவு, யாரோ இரவில் கொட்டும் குப்பை. கிணறுகளில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருப்பதைப் பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. வெடிப்பு நிறைந்த பாறையில் கிடங்கு என்பது ஊர்க் கிணறுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான வாய். அதற்குள் எதை விடுகிறோமோ அதைத்தான் குடிப்போம்.

இதனால் வரிசை தலைகீழாகிறது. இங்கே ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும் ஓடி அராலியில் கடலேரியில் விழுகிறது. மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடும். அந்த நீரைக் கிடங்கிலிருந்து விலக்கிவிட்டால் கடலுக்குத்தான் நன்மை. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழத்துக்கு உவர்நீரை அழுத்திப் பிடிக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. மேலே ஒரு சாண் குறைந்தால் கீழே உவர் நாற்பது சாண் ஏறும். எனவே நீரைக் கிடங்கை நோக்கித் திருப்பவேண்டும், ஈரநிலம் அதற்கு முன்னால் நிற்கவேண்டும். காற்றில்லாத சேற்றில் நைத்திரேற்று நைதரசன் வாயுவாகப் பறந்துவிடும், நீர் சில நாள் தங்கினால்.

தங்குமா என்பதில்தான் எனக்குத் தயக்கம். ஒரே இரவில் கொட்டும் மழை ஈரநிலத்தை ஓடிக் கடந்துவிடும். அதனால் முன்னால் ஒரு தேக்கம் வேண்டும். புதிதாகக் காணி வாங்கத் தேவையில்லை, தூர்ந்து கிடக்கும் குளங்களில் ஒன்றின் ஓரமே போதும். அடியில் களிமண் இடாவிட்டால் வெடிப்புப் பாறை தண்ணீரைக் குடித்துவிடும். குளம் தூர் வாரும்போது எடுக்கும் களியையே அதற்குப் பயன்படுத்தலாம். கோடையில் எட்டு மாதம் காய்ந்தாலும் சம்பின் கிழங்கு ஓரளவு தாங்கும், ஆனால் சேற்று நுண்ணுயிர்கள் முதல் மழைக்கு உடனே விழித்துக்கொள்ளா. அந்த முதல் வெள்ளத்தை மட்டும் மதகு திறந்து கடலேரிக்கு விட்டுவிடலாம்.

கடலோரத்தை ஒட்டி, நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டிய கிடங்குகளை இந்தக் கணக்கில் சேர்க்கமுடியாது. உப்பை ஈரநிலம் எடுக்காது. செடிகள் நீரை ஆவியாக்கி உப்பைக் கூட்டவே செய்யும். அவற்றுக்குக் குப்பை லொறி போகாதபடி வேலி அடைத்துவிடுவதே இப்போதைக்குச் செய்யக்கூடியது.