கணிதத்திலேயே நிற்பதா, இயற்பியல் பக்கம் போய் ஆசிரியர் ஆவதா?

சென்னையில் பி.எஸ்சி. கணிதம் முடிக்கும் சிலருக்கு இயற்பியலை விட மனசு வராது, பாடம் நடத்தவும் ஆசை இருக்கும். எம்.எஸ்சி. கணிதம், பி.எட். என்று நேராகப் போகலாம். எம்.எஸ்சி. இயற்பியலுக்கு மாறிவிட்டும் வகுப்பறைக்கு வரலாம். எல்லாக் கல்லூரியும் கணிதப் பட்டதாரியை எம்.எஸ்சி. இயற்பியலில் சேர்ப்பதில்லை, அதை முதலில் விசாரித்துவிடுங்கள்.

அரசு வேலைதான் இலக்கு என்றால் நேர்வழிக்கே என் ஓட்டு. டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) நிரப்பும் முதுகலை ஆசிரியர் பணிக்கு முதுகலையோடு பி.எட்.டும் வேண்டும். இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமா என்றும் பார்ப்பார்கள். ‘கிராஸ் மேஜர்’ என்று ஒதுக்கப்பட்டால், எவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தினாலும் பலனில்லை. கல்லூரி வேலைக்கு நெட், செட் என்ற விரிவுரையாளர் தகுதித்தேர்வுகளில் ஒன்றை அல்லது முனைவர் பட்டத்தைப் பார்ப்பார்கள். ஜே.இ.இ. கோச்சிங் சென்டர்களில் பட்டத்தைவிடப் பாடம் நடத்தும் திறமைக்குத்தான் மதிப்பு, ஆனால் வேலை நிரந்தரம் இல்லை.

வகுப்பறையை வைத்துப் பார்த்தால் என் மனசு சுற்றுவழிப் பக்கம் சாய்கிறது. தமிழ்நாடு பாடத்திட்டத்தில் ப்ளஸ் ஒன் இயற்பியல் முதல் தொகுதியின் 2-வது அலகு இயக்கவியல். வெக்டர், வகையிடல், தொகையிடல் எல்லாம் அங்கேயே வந்துவிடுகின்றன. கணிதப் புத்தகத்திலோ இவை இரண்டாம் தொகுதியில்தான். திசைவேகம் என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு அந்த நேரத்தில் சூத்திரம் மட்டும் கொடுத்தால் மனப்பாடம்தான் மிஞ்சும். இரண்டும் படித்த ஆசிரியர் போர்டில் இடப்பெயர்ச்சி-நேர வளைகோடு ஒன்றை வரைவார். அதில் இரண்டு புள்ளிகளைச் சேர்த்து நாண் போடுவார். அதன் சாய்வு சராசரித் திசைவேகம். ஒரு புள்ளியை மற்றதன் பக்கமாக நகர்த்த நகர்த்த நாண் தொடுகோட்டை நெருங்கும். தொடுகோட்டின் சாய்வு அந்தக் கணத்தின் திசைவேகம். எல்லை என்ற கருத்து எதற்குத் தேவைப்பட்டது என்று பிள்ளைக்கு அங்கேயே புரிந்துவிடும். பல வருடம் கழித்தும் அது மறக்காது.

பாடம் மாறுவது ஒன்றும் குறைச்சல் இல்லை. இயற்பியலாளர் பால் டிராக்கிடம் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய ஹரிஷ் சந்திரா, பிறகு கணிதத்தில் உலகப் பெயர் எடுத்தார். ஆராய்ச்சிதான் ஆசை என்றால், 1962-இல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கிய தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் இரண்டு துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

இன்னும் ப்ளஸ் டூவில் இருப்பவர்களுக்குக் கூடுதல் வாய்ப்பு உண்டு. சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் நிறுவனத்தில் கணிதமும் இயற்பியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஆனர்ஸ் படிப்பு இருக்கிறது; அதற்குத் தனி நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். அது கிடைக்காவிட்டால் பி.எஸ்சி., எம்.எஸ்சி. இரண்டையும் ரெகுலரில் இயற்பியலாகவே முடியுங்கள். கிராஸ் மேஜர் சிக்கல் வராது. இயற்பியலுக்கு லேப் வேண்டும், அதை வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியாது. கணிதத்தை வேலைக்குப் போன பிறகும் தொலைதூரக் கல்வியில் படித்துக்கொள்ளலாம்.