பையனை தமிழ்ல பேச வைச்ச டியூஷன் சென்டர்: 14 மாசம் போன அனுபவம்

முதல்லயே சொல்லிடறேன், சென்டர் பேர் இங்க போடல, ஏன்னா பாராட்டறதும் இருக்கு திட்டறதும் இருக்கு, பேரப் போட்டு திட்டிட்டு சனிக்கிழமை அந்த டீச்சர் முகத்துல முழிக்க என்னால முடியாது. சிங்கப்பூர்ல செங்காங் பக்கம், எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) புளோக் கடை வரிசைல ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வாரத்துக்கு ஒரு கிளாஸ், ஒன்றரை மணி நேரம், மாசம் 160 வெள்ளி, ஒரு கிளாஸ்ல ஏழெட்டு பிள்ளைங்க. என் பையன் போன வருஷம் பி5 (தொடக்கப்பள்ளி அஞ்சாம் வகுப்பு) ஆரம்பத்துல சேர்ந்தான், இப்ப பி6.

எங்க வீட்டு லட்சணத்த சொன்னாதான் மத்தது புரியும். நானும் வீட்டுக்காரரும் இங்கயே பொறந்து வளர்ந்தவங்க, ரெண்டு பேருக்கும் தமிழ் நல்லா வரும், ஆனா வீட்ல ஓடறது இங்கிலீஷ்தான், எப்ப அப்படி மாறுச்சுன்னு எங்களுக்கே தெரியாது. 2020 மக்கள்தொகை கணக்கெடுப்புல, வீட்ல அதிகமா தமிழ் பேசறவங்க சிங்கப்பூர்ல 2.5 விழுக்காடுன்னு வந்துச்சு, 2010ல அது 3.3. அத படிச்சுட்டு அய்யோ பாவம் தமிழ்னு உச்சுக்கொட்டினதும் நான்தான், அடுத்த நிமிஷம் பையனைப் பாத்து "ஃபினிஷ் யுவர் மில்க்"னு கத்தினதும் நான்தான்.

பி3, பி4 ரெண்டு வருஷமும் அவன் வேற ஒரு இடத்துக்கு போனான். அங்க எல்லாமே ஸ்டிக்கர். ஒர்க்‌ஷீட் முடிச்சா ஒரு ஸ்டிக்கர், 20 சேர்ந்தா ஒரு பரிசு. முதல் மாசம் பறந்து பறந்து போட்டான், நானும் ஆகா புள்ளைக்கு தமிழ் மேல பிரியம் வந்துருச்சுன்னு பாட்டிக்கு எல்லாம் போன் பண்ணி சொன்னேன். அப்புறம் ஒரு நாள், "இந்த ஷீட்டுக்கு எத்தனை ஸ்டிக்கர்?"னு கேட்டான், ஒண்ணுதான்னு சொன்னதும் பென்சில கீழ வச்சுட்டான். கூலி கட்டுப்படி ஆகலையாம். அதவிட மோசம், அங்க வாயத் தொறந்தாலே திருத்துவாங்க. "அம்மா மார்க்கெட்டுக்கு போனாங்க"ன்னு ஆரம்பிப்பான், போனாங்க இல்ல சென்றார்கள், மார்க்கெட் இல்ல சந்தை, அம்மாவுக்கு அப்புறம் கொஞ்சம் நிறுத்து, இப்படியே போனா மூணாவது வாக்கியம் எங்க இருந்து வரும். பி4 கடைசில 49 மார்க். மார்க் போனா போகுது, தமிழ்னு சொன்னாலே வயித்த வலிக்குதுன்னு படுத்துக்க ஆரம்பிச்சான், அதுதான் எனக்கு பயமா போச்சு.

இப்ப போற இந்த சென்டர்ல ட்ரையல் கிளாஸ் ஃப்ரீ. டீச்சருக்கு 50 வயசு இருக்கும், முன்னாடி பள்ளிக்கூடத்துல வேலை பாத்தவங்க. உக்கார வச்சு, உனக்கு என்னடா பிடிக்கும்னு கேட்டாங்க, இவன் இங்கிலீஷ்லயே ரோப்லாக்ஸ்னு சொன்னான். "எனக்கு அது தெரியாதேப்பா, எப்படி விளையாடறது, எனக்குப் புரியற மாதிரி சொல்லு"ன்னாங்க. அவங்களுக்கு நிஜமாவே தெரியாது, அங்கதான் விஷயம் இருக்குன்னு எனக்கு பின்னாடிதான் உறைச்சுது. படத்தக் காட்டி இதுல என்ன தெரியுதுன்னு கேக்கற டீச்சருக்கு பதில் ஏற்கனவே தெரியும், அது பையனுக்கும் தெரியும், அப்புறம் எதுக்கு வாயத் தொறக்கணும்? இங்க ஒருத்தங்க புரியாம முழிக்கறாங்க, இவன் சொன்னாதான் புரியும். பாதி இங்கிலீஷ் பாதி தமிழ், நடுவுல கையால ஜாடை, நாலு நிமிஷம் பேசினான். டீச்சர் ஒரு இடத்துல கூட திருத்தல. "அப்ப செத்துட்டா மறுபடி எங்க இருந்து ஆரம்பிக்கும்?"னு கேள்வி கேட்டாங்க. நான் கண்ணாடிக் கதவுக்கு வெளிய நின்னு பாத்துட்டு இருந்தேன், அன்னைக்கே பணம் கட்டிட்டேன்.

இனி கடன் நோட்டு. இந்த சென்டர்ல எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்ன நோட்டு. பேசும்போது ஒரு வார்த்தை தமிழ்ல வரலன்னா இங்கிலீஷ்ல சொல்லிட்டு போகலாம், பேச்ச நிறுத்தக் கூடாது, ஆனா அது கடன். பேசி முடிச்சதும் நோட்டுல எழுதணும், அடுத்த வாரத்துக்குள்ள தமிழ் வார்த்தை என்னன்னு கண்டுபிடிச்சு ஒரு வாக்கியத்துல வச்சு சொன்னா கடன் அடைஞ்சுது, டீச்சர் அத கோடு போட்டு அடிச்சுடுவாங்க. பரிசு ஒண்ணும் கிடையாது, அந்த கோடுதான். என் பையன் நோட்ட எடுத்து பாத்தேன், ஹாக்கர் சென்டர்னா உணவங்காடி நிலையம், எஸ்கலேட்டர்னா மின்படிக்கட்டு, ரீசைக்கிள் பண்றதுக்கு மறுபயனீடு, வாலண்டியருக்கு தொண்டூழியர், புல்லியிங்குக்கு பகடிவதை. இதெல்லாம் நம்ம ஊரு தமிழ் முரசு பேப்பர்லயும் செய்தியிலயும் வர்ற வார்த்தைங்க, வாய்மொழித் தேர்வுல போட்டுக் காட்டி பேசச் சொல்ற காணொளியும் பெரும்பாலும் இந்த மாதிரி விஷயந்தான், யாராவது யாருக்காவது உதவி பண்ணுவாங்க இல்லன்னா குப்பை பொறுக்குவாங்க. சென்னைல இருந்து வந்த என் ஓரகத்தி தொண்டூழியர்னா என்னன்னு கேட்டா, இவன் அவளுக்கு விளக்கம் சொன்னான், அந்த திமிர பாக்கணுமே. கடன் அடைக்கறதுக்காக எங்ககிட்ட வந்து கேப்பான், பாதி எங்களுக்கே தெரியாது, வீட்டுக்காரர் அகராதி தேடுவார். ஒரு வாரம் "அக்கவுண்டபிலிட்டி"னு ஒரு கடன வாங்கிட்டு வந்து எங்க ரெண்டு பேரையும் வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொரு மணி வரைக்கும் உக்கார வச்சுட்டான், கடைசில பாட்டிதான் "பொறுப்புன்னு சொல்லித் தொலைங்களேன்டா"ன்னாங்க.

இன்னொண்ணு, டீச்சர் காத்திருப்பாங்க. கேள்விய கேட்டுட்டு பேசாம உக்காந்திருப்பாங்க, பத்து செகண்ட் ஆகும், சில நேரம் அதுக்கும் மேல, பிள்ளை யோசிக்கட்டும்னு விட்டுடுவாங்க. கேக்க சாதாரணமா இருக்கும், வீட்ல செஞ்சு பாருங்க. என்னால மூணு செகண்ட் தாங்க முடியல, நானே பதில சொல்லி முடிச்சுடுவேன்.

ஏப்ரல்ல தமிழ்மொழி விழா வந்தப்ப ஆளுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு போயிட்டு வந்து மத்தவங்களுக்கு சொல்லணும்னு வேலை குடுத்தாங்க, அது சுமாராதான் போச்சு, பாதிப் பேரு போகல, நாங்களும் போகல, மழை. ஆனா ஜூன் லீவுல குடுத்த வேலை வேற மாதிரி. வீட்ல வயசான ஒருத்தர்கிட்ட அவங்க சின்ன வயசப் பத்தி கேட்டு, ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி, பத்து வரி எழுதிட்டு வரணும். என் அம்மா செம்பவாங்ல அப்ப இருந்த பிரிட்டிஷ் நேவல் பேஸ் (கடற்படைத் தளம்) குவாட்டர்ஸ்ல வளர்ந்தவங்க, அவங்க அப்பாவுக்கு அங்கதான் வேலை. இவன் போய் "பாட்டி, சின்ன வயசுல நீங்க என்ன செஞ்சீங்க"ன்னு பேப்பர்ல எழுதி வச்சத பாத்து படிச்சான். அம்மா ஆரம்பிச்சாங்க பாருங்க, குவாட்டர்ஸ்ல அடுத்தடுத்த கதவு, ஒரு வீட்டு கொழம்பு வாசனை நாலு வீட்டுக்கு போகும், 1971ல வெள்ளைக்காரன் பேஸ விட்டுட்டு கிளம்பினப்ப அப்பாவுக்கு வேலை இருக்குமா இருக்காதான்னு தெரியாம வீட்ல ராத்திரி யாரும் தூங்கலன்னு. அப்ப இவன் பேப்பர் பாக்காம கேட்டான், "அப்ப உங்க அப்பாவுக்கு வேலை போயிடுச்சா பாட்டி?" பேப்பர்ல இல்லாத கேள்விய, யாரும் சொல்லிக் குடுக்காம, அவனா தமிழ்ல கேட்டது அதுதான் முதல் தடவை. நான் கிச்சன்ல இருந்தேன், அடுப்ப அணைச்சுட்டு வந்து நின்னேன். 40 நிமிஷம் ரெக்கார்டிங் இருக்கு. எழுதினது ஒன்பது வரிதான், ஆறு எழுத்துப்பிழை, ஒரு இடத்துல ல-வும் ள-வும் மாறி பாட்டியே வேற ஆளா போயிட்டாங்க, இருக்கட்டும்.

மார்க் என்னாச்சுன்னு கேப்பீங்க. பி5 கடைசில 62. பி4ல 49. ஆனா ரிப்போர்ட் புக்க திறந்தா ஏஎல் 6 (ஏஎல்னா மார்க்க வச்சு போடற தரநிலை, 1 தான் உச்சம், 8 கடைசி). வீட்டுக்காரர் பாத்துட்டு "இவ்ளோ பணம் கட்டியும் ஆறுதானே"ன்னார். ஏஎல் 6ங்கறது 45ல இருந்து 64 வரைக்கும், அவன் போன வருஷம் எடுத்த 49ம் இந்தப் பெட்டிக்குள்ளதான், 62ம் அதே பெட்டிக்குள்ளதான், 13 மார்க் ஏறி வந்த பையனுக்கு அந்த தாள்ல அடையாளமே கிடையாது. இப்ப பள்ளிக்கூடத்துல அரையாண்டுத் தேர்வையும் நிறுத்திட்டாங்க, அதனால நடுவுல இவ்ளோ ஏறியிருக்கன்னு காட்ட பெருசா ஒண்ணும் இல்ல. அன்னைக்கு அவன் முகம் தொங்கிப் போச்சு. அடுத்த சனிக்கிழமை டீச்சர் ஒண்ணும் ஆறுதல் எல்லாம் சொல்லல, அவன் சேர்ந்த மாசம் எடுத்த ரெக்கார்டிங்க போட்டாங்க, காணொளியப் பாத்து பேசினது, மொத்தமே 35 செகண்ட், அதுல பாதி "ம்ம்ம்". அப்புறம் அதே காணொளிக்கு இப்ப பேசுன்னாங்க, ரெண்டரை நிமிஷம் வந்துச்சு. வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட அந்த ரெண்டையும் போட்டுக் காட்டினது அவன்தான்.

பேச்சுத்தமிழ் பத்தி சில பெற்றோருக்கு சந்தேகம் வரும், எனக்கும் இருந்துச்சு, கிளாஸ்ல போனாங்க வந்தாங்கன்னு பேசினா பரீட்சைல என்ன பண்றதுன்னு. நம்ம பள்ளிக்கூடங்கள்ல 2005 தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக்கு அப்புறம் பேச்சுத்தமிழுக்கு இடம் குடுத்திருக்காங்க, வாய்மொழித் தேர்வு உரையாடல்ல நல்ல பேச்சுத்தமிழ்ல பேசலாம். வாசிக்கறப்பவும் எழுதறப்பவும் எழுத்துத்தமிழ். இந்த சென்டர்ல ரெண்டையும் கலக்காம ரெண்டு பக்கமா வச்சு சொல்லித் தர்றாங்க, பி5 பையனுக்கு அது போதும்.

சரி, இப்ப திட்டு.

பி6 கிளாஸ் ஆரம்பிச்சதும் இந்த ஜனவரில இருந்து பேசற நேரத்த 20 நிமிஷத்துல இருந்து 5 நிமிஷமா குறைச்சுட்டாங்க. ஏன்னா பெற்றோருங்க கேட்டாங்களாம். ஒரு அம்மா என் முன்னாடியே "பேசறதுக்கா 160 வெள்ளி குடுக்கறோம், ஒர்க்‌ஷீட் எங்க?"னு கேட்டாங்க. நான் சும்மா இருக்காம சொன்னேன், பிஎஸ்எல்இ (பி6 கடைசில எழுதற பொதுத்தேர்வு) தமிழ்ல மொத்தம் 200 மார்க்குல வாய்மொழிக்கு மட்டும் 50, அதுல வாசிப்பு 20, உரையாடல் 30, கட்டுரைக்கே 40தான் அக்கா, நீங்க எந்த கணக்குல பேசறத வேஸ்ட்டுங்கறீங்கன்னு. அவங்க முகத்த திருப்பிக்கிட்டாங்க. இப்ப முக்கால்வாசி நேரம் பழைய கேள்வித்தாள், முன்னுணர்வுக் கருத்தறிதல் (பத்தில விட்ட இடத்த நிரப்பறது), வேற்றுமை உருபு, அடைச்சொல். பையன் போன மாசம் "போர் லா அம்மா"ன்னான், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கேட்ட அதே குரல். நான் டீச்சர்கிட்ட தனியா பேசினேன், அவங்களுக்கும் பிடிக்கல, மேனேஜ்மெண்ட் முடிவுன்னாங்க. இப்போதைக்கு 10 நிமிஷமா ஆக்கியிருக்காங்க.

கட்டுரை திருத்தி வர மூணு வாரம் ஆகுது, அதுக்குள்ள என்ன எழுதினோம்னே பிள்ளைக்கு மறந்து போயிடும். ஃபோட்டோகாபி எல்லாம் மங்கல், ண-வா ன-வான்னு கண்ண சுருக்கிக்கிட்டு பாக்கணும், தமிழ் சொல்லித் தர்ற இடத்துல இது நியாயமா? உடம்பு சரியில்லாம லீவு போட்டா மாத்து கிளாஸ் கிடையாது, பணமும் கழிக்க மாட்டாங்க. ஆபீஸ்ல இருந்து வர்ற வாட்ஸ்அப் எல்லாமே இங்கிலீஷ். ஒரு தடவ நான் வேணும்னே தமிழ்ல பதில் போட்டேன், "நோட்டட் வித் தேங்க்ஸ்"னு வந்துச்சு.

இதுல நம்மளையும் சொல்லணும். கிளாஸ் நடக்கற நேரம் கீழ காப்பிக்கடைல ஏழெட்டு பெற்றோர் உக்காந்திருப்போம், தே தாரிக் குடிச்சுக்கிட்டு, பிள்ளைக்கு தமிழ் வரமாட்டேங்குதுன்னு புலம்பிக்கிட்டு, அத்தனையும் இங்கிலீஷ்ல. டீச்சர் எங்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம் குடுத்திருக்காங்க, ஒரு நாளைக்கு பத்து நிமிஷம் தமிழ்ல மட்டும், தப்ப திருத்தக் கூடாது, பள்ளிக்கூடத்தப் பத்தி கேக்கக் கூடாது. நாங்க ராத்திரி சாப்பாட்டு நேரத்துல வச்சிருக்கோம். வாரத்துல நாலு நாள் நடக்குது, மீதி நாள் நான்தான் முதல்ல மறந்து போய் இங்கிலீஷ்ல ஆரம்பிக்கறேன், உடனே "அம்மா, கடன்!"னு கத்தறான்.

யாருக்கு சரிவரும்? வீட்ல தமிழ் காதுல விழுது ஆனா வாய்ல வரல, கூச்சம், அந்த மாதிரி பிள்ளைக்கு கண்டிப்பா சேர்க்கலாம், பி6க்கு முன்னாடி, முடிஞ்சா பி4லயே. ஏற்கனவே 85க்கு மேல எடுத்துட்டு உயர்தமிழ் (இன்னும் கஷ்டமான தமிழ்ப் பாடம்) பண்ற பிள்ளைக்கு இங்க பெருசா ஒண்ணும் இல்ல, ஆகஸ்ட் வாய்மொழிக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது ஓடி வந்து மார்க் ஏத்திக் குடுங்கன்னா அதுவும் நடக்காது. அஞ்சுக்கு மூணரை குடுக்கறேன், போன வருஷம் கேட்டிருந்தா நாலரை சொல்லியிருப்பேன். அடுத்த டெர்முக்கு பணம் கட்டிட்டேன், சென்டருக்காக இல்ல, அந்த டீச்சருக்காக. போறதா இருந்தா சனிக்கிழமை பத்து மணி கிளாஸ் கேளுங்க, ஏசி பக்கத்து சீட்டுல உக்கார வச்சா பிள்ளைக்கு ஜாக்கெட் குடுத்து விடுங்க.